மெழுகு வீடு: மூன்று படங்களும் ஒரு செய்தியாளரும்

சில மாதங்களுக்கு முன்னர் உறவினர் ஒருவரின் வீட்டில் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க நேர்ந்தது. கூடத்தில் அவ்வீட்டுப் பிள்ளைகள் மூவர் அமர்ந்து 'ஹவுஸ் ஒஃப் வெக்ஸ்' என்னும் ஆங்கிலத் திகிற் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். 2005இல் வெளிவந்த படம் அது. இளைஞர் கூட்டமொன்று வழிதவறி ஓர் ஊருக்குள் நுழைகிறது. ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படுகின்றனர். "இது பழைய படமொன்றைத் திருப்பி எடுத்தது, தெரியுமோ?" என்று கேட்டேன். "ஓம் தாத்தா, 1953ஆம் ஆண்டுப் படம்தானே? கண்ணாடி போட்டுப் பார்க்கிறது" என்றான் மூத்தவன். "அதுவும் திருப்பி எடுத்ததுதான்" என்றேன். மூவரும் திரையை விட்டு என்னைப் பார்த்தனர்.

முதற் படம் 1933இல் வந்தது. அதன் பெயர் 'மிஸ்ட்ரி ஒஃப் த வெக்ஸ் மியூசியம்'. அந்தப் படத்தின் கதையை முன்னே நகர்த்திச் செல்பவள் ஒரு பத்திரிகைச் செய்தியாளர். பின்வந்த இரண்டு படங்களிலும் அவள் இல்லை. செய்தித்தாள் மேசையில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவன் என்பதாற்போலும், அவள் ஏன் விடுபட்டாள் என்ற கேள்வி அன்றிரவு முழுவதும் என்னை விடவில்லை. பழைய திகிற் படங்களைப் பதின்ம வயதினருக்காக மீண்டும் எடுத்த அலையைப் பற்றிப் பலரும் பலவாறு எழுதிவிட்டனர். நான் அந்த அலையை இந்த ஒரு பெண்ணின் பக்கமிருந்து பார்க்க விரும்புகிறேன்.

1933: பிணவறைக்குள் சென்ற பெண்

வோர்னர் பிரதர்ஸ் நிறுவனம் தயாரித்த முதற் படத்தின் நெறியாளர் மைக்கல் கேர்ட்டிஸ். ஹங்கேரியிலிருந்து வந்தவர், பின்னாளில் 'கஸபிளாங்கா'வை நெறிப்படுத்திப் பெரும் புகழ் ஈட்டியவர். கதையை எழுதியவர் சார்ள்ஸ் பெல்டன்.

லண்டனில் 1921இல் கதை தொடங்குகிறது. ஐவன் ஐகோர் என்னும் சிற்பி மெழுகுச் சிலைக்கூடம் ஒன்றை நடத்துகிறான். அவன் சிலைகளைப் பிள்ளைகளைப் போல் நேசிப்பவன். கூடத்தால் வருவாய் இல்லை. காப்புறுதிப் பணத்தைப் பெறுவதற்காகப் பங்காளி தீ வைக்கிறான். சிலைகள் உருகி ஒழுகுகின்றன. அவற்றைக் காக்கப் போராடிய சிற்பியின் கைகளும் கருகுகின்றன. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் நியூயோர்க்கில் அவன் புதிய கூடமொன்றைத் திறக்கிறான். அவனது கைகளால் இனிச் சிலை வடிக்க இயலாது. அதே வேளையில் நகரப் பிணவறையிலிருந்து உடல்கள் களவு போகின்றன. மீதியை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

ஊகிப்பவள் படத்தில் புளோரன்ஸ் என்ற செய்தியாளர். கிளெண்டா ஃபாரெல் நடித்த பாத்திரம். புத்தாண்டுக்கு முந்திய இரவு, செய்தி ஏதும் கொண்டுவராவிட்டால் வேலை போய்விடும் என்று ஆசிரியர் எச்சரிக்கிறார். அவள் பொலிஸ் நிலையத்துக்குப் போகிறாள். இளம் பெண்ணொருத்தியின் மர்ம மரணம் பற்றி அறிகிறாள். அப்பெண்ணின் உடல் களவு போனதையும் அறிகிறாள். பிறகு புதிய சிலைக்கூடத்துக்குச் செல்கையில் அங்குள்ள ஜோன் ஒஃப் ஆர்க் சிலையின் முகம் இறந்த பெண்ணின் முகத்தை ஒத்திருப்பதைக் காண்கிறாள். சந்தேகத்தின் பேரில் பிடிபட்ட செல்வந்த இளைஞன் குற்றவாளியல்லன் என்று முதலில் நம்புபவளும் அவளே.

அவளைப் புனிதவதியாகப் படம் காட்டவில்லை. வாய்த்துடுக்கு மிக்கவள், பிறர் துயரத்தைவிடத் தன் தலைப்புச் செய்தியைப் பெரிதாக எண்ணுபவள். அத்தகையோருடன் நானும் பணியாற்றியிருக்கிறேன். சில வேளைகளில் நானே அவ்வாறு இருந்ததுமுண்டு. ஆயினும் அவள் போகிறாள், பார்க்கிறாள், கேட்கிறாள். அவள் போகும் இடங்கள் வாயிலாக 1933ஆம் ஆண்டு நியூயோர்க் நம் கண்முன் விரிகிறது. மதுவிலக்குக் காலத்துக் கள்ளச் சாராய வியாபாரி, போதைப்பொருளுக்கு அடிமையான உதவியாளன், அலட்சியமான பொலிஸார், பசியோடு செய்தி தேடும் பத்திரிகை அலுவலகம் எல்லாம் அதில் உண்டு. படம் வெளியானது பெப்ரவரியில். மார்ச்சில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நாட்டின் வங்கிகள் அனைத்தையும் சில நாள்கள் மூடவேண்டி வந்தது. சொத்துக்காகத் தீ வைக்கும் பங்காளியை அக்காலப் பார்வையாளர் எவ்வாறு பார்த்திருப்பர் என்று விளக்க வேண்டியதில்லை.

இப்படம் இருவண்ண டெக்னிக்கலர் முறையில் எடுக்கப்பட்டது. சிவப்பும் பச்சையும் சார்ந்த நிறங்களே அதில் பதியும். உண்மையான நீலம் வராது. அந்தக் குறைபாடே சிலைகளின் முகங்களுக்கு உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட ஒரு நிறத்தைக் கொடுத்தது. படப்பிடிப்பு விளக்குகளின் வெப்பத்தில் மெழுகு உருகியமையால், பல சிலைகளுக்குப் பதிலாக மனிதரே அசையாது நின்றனர். உன்னிப்பாகப் பார்த்தால் சிலர் மெல்ல அசைவது தெரியும். மெழுகு மனிதராக நடித்த மனிதர்கள்! கதைக்கு இதைவிடப் பொருத்தமான விபத்து அமைய முடியாது.

1953: தொலைக்காட்சிக்கு எதிரான ஆயுதம்

இரண்டாவது படம் பிறந்த காரணம் வேறு. 1946இல் உச்சத்தைத் தொட்ட அமெரிக்கத் திரையரங்கு வருகை, அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. வீட்டுக்குள் தொலைக்காட்சி வந்துவிட்டது. அதனால் தர முடியாத ஒன்றைத் தந்தாக வேண்டும் என்று ஹொலிவூட் தவித்தது. 1952 நவம்பரில் வந்த 'புவானா டெவில்' என்ற முப்பரிமாணப் படம் கூட்டத்தை ஈர்த்தது. வோர்னர் நிறுவனம் தன் பழைய கதைகளைத் துழாவி மெழுகுச் சிலைக் கதையை எடுத்தது. 1953 ஏப்ரலில் 'ஹவுஸ் ஒஃப் வெக்ஸ்' வெளியாயிற்று. பெரிய நிறுவனம் ஒன்று வெளியிட்ட முதல் வண்ண முப்பரிமாண முழுநீளப் படம் அது.

நெறியாளர் அந்திரே டி டோத்துக்கு ஒரு கண் மட்டுமே பார்வையுடையது. தாம் எடுத்த படத்தின் முப்பரிமாணத்தை அவரால் காண இயலாது என்பது திரைப்பட வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. கதையோடு எவ்விதத் தொடர்புமின்றி ஒருவன் மட்டையில் கட்டிய பந்தைப் பார்வையாளரின் முகத்தை நோக்கி அடித்துக்கொண்டேயிருக்கும் காட்சியும் இதில் உண்டு. அக்காட்சி கண்ணாடி அணிந்தவர்களுக்காக வைக்கப்பட்டது.

இங்கேதான் புளோரன்ஸ் விடுபடுகிறாள். கதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பின்தள்ளப்பட்டது. எரிவாயு விளக்குகளும் குதிரை வண்டிகளும் வந்தன; பத்திரிகை அலுவலகம் போயிற்று. 1934இல் இறுக்கமாக நடைமுறைக்கு வந்த ஹொலிவூட்டின் தணிக்கைக் கோவை அப்போதும் இருந்தது. போதைப்பொருளுக்கு அடிமையாயிருந்த உதவியாளன் குடிகாரனாக மாறினான். சிலையின் முகத்தை அடையாளங் காணும் வேலை இறந்தவளின் தோழியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவள் ஐயுறுகிறாள்; சொல்கிறாள்; பெரும்பாலோர் நம்புவதில்லை. இறுதியில் அவளைக் காப்பாற்றுவது பொலிஸார். கேட்பவளாயிருந்த பெண் காப்பாற்றப்படுபவளாகிவிட்டாள்.

ஆயினும் இப்படத்துக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. சிற்பியாக நடித்த வின்சென்ட் பிரைஸ் தன் சிலைகளோடு பேசும் முறையில் உண்மையான துயரம் ஒலிக்கிறது. கலைஞன் ஒருவனின் உழைப்பு பணத்துக்காக எரிக்கப்படுவதை நாம் கண்ணால் காண்கிறோம். அவன் கொலைகாரனான பின்னும் அந்த நெருப்பை நம்மால் மறக்க முடிவதில்லை. செய்தியாளரை இழந்த கதை, கலைஞனையாவது காப்பாற்றிக்கொண்டது. 2014இல் அமெரிக்கத் தேசிய திரைப்படப் பதிவேட்டில் இப்படம் சேர்க்கப்பட்டது பொருத்தமானதே.

இளைஞர் வந்த கதை

பழைய படங்களை இளைஞர்கள் கெடுத்துவிட்டனர் என்று மூத்த தலைமுறையினர் சொல்வதுண்டு. வரலாறு அதற்குத் துணை நிற்கவில்லை. 1957இல் அமெரிக்கன் இன்டர்நஷனல் பிக்சர்ஸ் 'ஐ வோஸ் எ டீனேஜ் வெயார்வூல்ஃப்' என்ற மலிவுப் படத்தை வெளியிட்டபோதே, திகிற் படத்தின் முதன்மை வாடிக்கையாளர் யார் என்பது முடிவாகிவிட்டது. பெற்றோர் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தனர். பிள்ளைகள் காரில் இருந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்குகளுக்குச் சென்றனர். அதே 1957இல் யூனிவர்சல் நிறுவனத்தின் 1930களின் பழைய பேய்ப் படங்கள் ஒரு தொகுப்பாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்கப்பட்டன. பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் இளைஞரிடம் வந்து சேர்ந்தன.

ஜோன் கார்பென்டரின் 'ஹலோவீன்' 1978இல் மிகச் சிறு செலவில் எடுக்கப்பட்டுப் பெருவருவாய் ஈட்டியதும் பதின்ம வயதுப் பாத்திரங்களைக் கொண்டே. 1984இல் அமெரிக்காவில் 'பீஜி-13' என்ற தரப்படுத்தல் அறிமுகமாயிற்று; பதின்மூன்று வயதைத் தாண்டியவர் தனியே பார்க்கத் தடையற்ற, ஆனால் ஓரளவு அச்சமூட்டும் படங்களுக்கு அது வாசல் திறந்தது. 2002இல் ஜப்பானியப் படத்தின் மறுஆக்கமான 'த ரிங்' அந்தத் தரத்திலேயே வந்து அமெரிக்காவில் மாத்திரம் 120 மில்லியன் டொலருக்கு மேல் ஈட்டியது. அதன் பின்னர் அலை அடித்தது. 2003இல் 'த டெக்சாஸ் செயின்சோ மசக்கர்', 2005இல் 'த ஃபொக்', 2006இல் 'வென் எ ஸ்ட்ரேஞ்சர் கோல்ஸ்', 2008இல் 'புரொம் நைட்', 2009இல் 'ஃபிரைடே த 13', 2010இல் 'எ நைட்மெயார் ஒன் எல்ம் ஸ்ட்ரீட்' என ஆண்டுதோறும் பழைய பெயர்கள் புதிய முகங்களோடு திரும்பி வந்தன. தரப்படுத்தல் படத்துக்குப் படம் வேறுபட்டாலும், விளம்பரம் குறிவைத்த வயது ஒன்றே.

'டெக்சாஸ்' படத்தைச் சற்று நின்று நோக்குவோம். டோப் ஹூப்பர் 1973ஆம் ஆண்டுக் கோடையின் கொடிய வெக்கையில் எடுத்து 1974இல் வெளியிட்ட மூலப் படத்திலும் வண்டியில் வருபவர்கள் இளைஞர்களே. ஆனால் அவர்கள் பெற்றோல் நிலையத்தில் நிற்கும்போது அங்கே பெற்றோல் இல்லை. இறைச்சிக் கூடத்தில் இயந்திரம் வந்தமையால் வேலையிழந்த குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வருகிறது. படம் திரைக்கு வருவதற்குள் அமெரிக்கர் உண்மையிலேயே பெற்றோலுக்கு வரிசையில் நின்று பழகியிருந்தனர். 2003ஆம் ஆண்டுப் படமும் 1973இலேயே நிகழ்கிறது. ஒளிப்பதிவாளரும் அதே டானியல் பேர்ல். தொடக்கக் குரலும் அதே ஜோன் லரொக்கெட்டினுடையது. ஒளி அழகாயிருக்கிறது, அச்சமும் இருக்கிறது. வேலையிழந்தோர் பற்றிய அந்தப் பேச்சுத்தான் மங்கிப்போய்விட்டது. ஆகவே குறை இளைஞரிடம் இல்லை. அவர்களைச் சூழ்ந்திருந்த உலகத்தை அப்புறப்படுத்தியதிலேயே குறை உள்ளது.

2005: ஊரும் அதன் ஒற்றை வரி வரலாறும்

மீண்டும் மெழுகு வீட்டுக்கு வருவோம். மூன்றாவது படத்தைத் தயாரித்தது டார்க் காசில் நிறுவனம். பழைய திகிற் படத் தயாரிப்பாளர் வில்லியம் காசிலின் பெயரைத் தாங்கி, அவரது படங்களை மறுஆக்கம் செய்வதோடு தொடங்கிய நிறுவனம் அது. நெறியாளர் ஸ்பெயின் நாட்டவரான ஜவுமே கொலெட்-செரா. இது அவரது முதல் முழுநீளப் படம். படப்பிடிப்பு அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடைபெற்றது.

நடிகர் தெரிவு கவனிக்கத்தக்கது. சாட் மைக்கல் மரே, ஜாரெட் படலெக்கி ஆகிய இருவரும் இளைஞர்கள் விரும்பிப் பார்த்த 'த டபிள்யூ.பி.' தொலைக்காட்சியின் தொடர்களால் அறியப்பட்டவர்கள். எலிஷா கத்பேர்ட்டும் தொலைக்காட்சியால் புகழ் பெற்றவரே. அரைநூற்றாண்டுக்கு முன் தொலைக்காட்சியை வீழ்த்துவதற்காக எடுக்கப்பட்ட கதை, இப்போது தொலைக்காட்சியிடம் முகங்களைக் கடன் வாங்கியது. பரிஸ் ஹில்டன் கொல்லப்படுவதைக் காண வாருங்கள் என்பதையே விளம்பர வாசகமாக்கி ரீசேட்டுகளிலும் அச்சிட்டனர். பாத்திரம் எதுவானாலும் சாகப்போவது பத்திரிகைகளின் கிசுகிசுப் பக்கங்கள் படைத்த ஒருவர் என்பதே ஈர்ப்பு. செய்தித்தாள் இந்தப் படத்துக்குள் நுழைந்தது அவ்வளவே.

ஆயினும் இதை வெறும் குப்பை என்று ஒதுக்க மாட்டேன். ஊர் முழுவதும் மெழுகால் ஆனது என்ற கற்பனை மூலத்தில் இல்லாத ஒன்று. தேவாலயத்தில் மெழுகு மக்கள் அமர்ந்திருக்கின்றனர். படமாளிகையில் 1962ஆம் ஆண்டின் 'வொட் எவர் ஹெப்பன்ட் டு பேபி ஜேன்?' ஓடிக்கொண்டிருக்க, மெழுகுப் பார்வையாளர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். இறுதியில் வீடே மெழுகாலானது என்று தெரிந்து, அது உருகி வீழ்கையில் சுவர்களைக் கையால் தோண்டிக்கொண்டு வெளியேறும் காட்சி, கைவினையால் சிறந்த காட்சியே. வில்லர்களுள் ஒருவனுக்கு வின்சென்ட் என்று பெயரிட்டு முன்னோருக்கு வணக்கமும் செலுத்தியுள்ளனர்.

என்னை உறுத்தியது படத்தின் முடிவில் வரும் ஓர் உரையாடல். எல்லாம் எரிந்து முடிந்த காலையில் பொலிஸ் அதிகாரி சொல்கிறார்: அந்த ஊர் பத்தாண்டுகளாகக் கைவிடப்பட்டுக் கிடக்கிறது; சீனி ஆலை மூடப்பட்டதிலிருந்து அங்கு எவரும் இல்லை. வரைபடத்திலும் அந்த ஊர் இல்லை. அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

சற்று எண்ணிப் பாருங்கள். ஆலை மூடப்பட்டு ஓர் ஊரே அழிந்திருக்கிறது. அதில் எஞ்சியவர்கள் வழிப்போக்கரைக் கொன்று மெழுகு பூசி ஊரை மீண்டும் நிரப்பிக்கொண்டிருந்தனர். எத்தனையோ பேர் காணாமற்போயிருக்க வேண்டும். எவரும் தேடவில்லை, எவரும் எழுதவில்லை. மூன்று படங்களிலும் அடங்கியுள்ள திகிலுள் இதுவே மிகப் பெரியது. அது படம் முடிந்த பின் ஒற்றை வரியாகச் சொல்லப்படுகிறது. புளோரன்ஸ் அந்தக் கதையில் இருந்திருந்தால், படம் அந்த வரியிலிருந்தே தொடங்கியிருக்கும்.

படத்தை எடுத்தவர்கள் இதை எண்ணிச் செய்தார்கள் என்று நான் கூறவில்லை. ஆறு இளைஞர், ஒரு வழிதவறிய பயணம், வரிசையாகக் கொலைகள் என்ற வாய்பாட்டில் வினவுபவர் ஒருவருக்கு இடமில்லை; அவர் வந்தால் கதையின் வேகம் குறையும். ஆனால் உண்மை உலகிலும் அக்காலத்தில் அதுவே நடந்துகொண்டிருந்தது. 2008க்கும் 2019க்கும் இடையில் அமெரிக்கச் செய்தித்தாள் அலுவலகங்களில் ஆசிரியபீடப் பணிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆலை மூடப்பட்ட சிற்றூர்களிற் பலவற்றில், அதை எழுதிவந்த பத்திரிகையும் சேர்ந்தே மூடப்பட்டது. படத்திலிருந்து நீக்கப்பட்டவள் சிறிது காலத்தில் ஊரிலிருந்தும் நீங்கினாள்.

நகல் வந்ததும் மூலம் போவது

மறுஆக்கம் என்பதில் வேறோர் ஆபத்தும் இருந்தது. 1931இல் பரமவுண்ட் தயாரித்த 'டொக்டர் ஜெகில் அன்ட் மிஸ்டர் ஹைட்' படத்தில் நடித்த ஃபிரெட்ரிக் மார்ச் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் விருது பெற்றார். 1941இல் அதே கதையை எம்.ஜி.எம். நிறுவனம் எடுத்தபோது, பழைய படத்தின் உரிமையை வாங்கி அதைப் புழக்கத்திலிருந்தே அகற்றிவிட்டது. பல ஆண்டுகள் அதைப் பார்க்க வழியில்லாதிருந்தது.

1933ஆம் ஆண்டின் மெழுகுச் சிலைப் படத்துக்கும் ஏறக்குறைய அதே கதி. அதை எவரும் திட்டமிட்டு மறைத்ததாகச் சொல்வதற்கில்லை. கவனிப்பார் இல்லாமற் போயிற்று. 1953இன் வெற்றிக்குப் பின் மூலப் படத்தின் பிரதி எதுவும் எஞ்சவில்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பார்த்தவர்களின் நினைவில் மட்டும் அது வாழ்ந்தது. 1960களின் இறுதியில் ஜக் வோர்னரின் சொந்தச் சேமிப்பிலிருந்து பிரதியொன்று கிடைத்தது. பின்னர் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் பழைய நிறங்களோடு மீட்டெடுத்தது. 2020இல் அது புளூ-ரே வட்டாக வெளிவந்தது. இன்று விரும்பும் எவரும் பார்க்கலாம். பெட்டியொன்றில் அந்த ஒரு பிரதி தங்கியிராவிட்டால், செய்தியாளர் ஒருத்தி அந்தக் கதையில் இருந்தாள் என்பதை நானும் பழைய விமர்சனங்களிலேயே வாசித்திருப்பேன்.

இந்த அலை 2010க்குப் பின் மெல்லத் தணிந்தது. முற்றாக நின்றுவிடவில்லை, வடிவம் மாறியது. 2018இன் 'ஹலோவீன்' மூலத்தை அழித்தெழுதாமல், நாற்பதாண்டுகளின் பின் அதே ஜேமி லீ கேர்ட்டிஸை அழைத்துக்கொண்டு அதன் தொடர்ச்சியாக வந்தது. நல்ல மாற்றம் என்றே கருதுகிறேன். பழையதை மறைக்காத புதியது எத்தனை வந்தாலும் கேடில்லை.

அன்று அந்த வீட்டிலிருந்து புறப்படுமுன் முதற் படத்தின் பெயரைக் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசி ஒலித்தது. மூவரும் பார்த்திருக்கின்றனர். நிறம் விசித்திரமாயிருந்ததாம், செய்தியாளர் பேசும் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலவில்லையாம், இறுதியில் அவள் தன் ஆசிரியரையே மணக்க உடன்படுவது மூவருக்கும் பிடிக்கவில்லையாம். அந்த முடிவு எனக்கும் பிடித்ததில்லை என்றேன். இளையவள் ஒன்று கேட்டாள்: "தாத்தா, மற்ற ஆக்கள் எல்லாரும் அந்தச் சிலையைப் பார்த்தவைதானே. அவளுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

அவளுக்கு அந்தப் பெண்ணின் பெயர் தெரிந்திருந்தது, பிள்ளை, என்று சொன்னேன். மற்றவர்கள் சிலையைப் பார்த்தார்கள். அவள் செத்துப்போன ஒருத்தியைத் தேடிக்கொண்டு அங்கே போனவள்.